ஒன்றரை லட்சத்துக்குள் கைத்துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா, வேண்டவே வேண்டாமா?

சேலத்து வணிகர்:

சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நகைக்கடையும் அடகுக்கடையும் நடத்துகிறேன். இரவு கடையை அடைத்தபின் ரொக்கத்தையும் அடகு நகைகளில் ஒரு பகுதியையும் காரில் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் இதே தொழில் செய்பவரை வழிமறித்து வெட்டிவிட்டார்கள். அதன்பின் விண்ணப்பம் போட்டேன். காவல்துறை விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முடிந்து ஆட்சியர் அலுவலகத்திலிருந்து உரிமம் வந்துவிட்டது. .32 அளவு (குண்டின் விட்டம், ஏறத்தாழ அங்குலக் கணக்கில்) கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம். வரி உட்பட ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. தோட்டா உருளை சுழலும் ரிவால்வர் வாங்குவதா, கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டல் வாங்குவதா? புதியதா, பழையதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

ரிவால்வர் வாங்குங்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் ஆறு தோட்டா கொள்ளும். பழைய ஆங்கிலேய வெப்லி ரிவால்வரின் அமைப்பு. குழலைக் கீழே மடக்கினால் ஆறு வெற்றுக் கூடுகளும் ஒன்றாக வெளியே வந்துவிடும். நிரப்பியிருக்கிறதா, காலியா என்பதைத் திறந்த மறுகணமே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

இன்னொன்று. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பட்டாளத்தில் இதை இருட்டிலும் செய்யும்படி பழக்குவோம். கடை வைத்திருப்பவருக்கு அந்த அளவு பயிற்சிக்கு நேரம் ஏது?

இலக்கு:

ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் மறுக்கிறேன். ரைஃபிள் கிளப்பில் இரண்டையும் சுட்டுப் பழகுபவன் நான். ரிவால்வரில் சுத்தியலை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பாகத்தை, பின்னுக்கு வைக்காமல் நேரடியாக விசையை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரியும். பழகாத கை அந்த இழுப்பில் ஆடும், முதல் குண்டே தவறும். அவசரத்தில் யாரும் சுத்தியலை நிதானமாகப் பின்னுக்கு வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இஷாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி' பிஸ்டல் தட்டையானது. சட்டைக்குள் இடுப்பில் வைத்தால் வெளியே தெரியாது. எட்டுத் தோட்டா. உருளை புடைத்துக்கொண்டிருக்கும் ரிவால்வரைக் கடைக்காரர் எங்கே மறைப்பார்? பழைய ஜெர்மன் வால்தர், பெல்ஜியம் பிரவுனிங் போன்ற பிஸ்டல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த வேலைப்பாடு இங்கே செய்பவற்றில் இல்லை.

பழைய கடைக்காரர்:

மதுரையில் துப்பாக்கிக் கடை ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விலை பேசாமல் இங்கே எல்லாரும் துப்பாக்கி பேசுகிறீர்கள்.

முதலில் வரி. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஒரு லட்சம் அடிப்படை விலையுள்ள துப்பாக்கி முன்பு 1,28,000 ரூபாய்க்கு வந்தது, இப்போது 1,40,000. ஆக, ஒன்றரை லட்சம் என்றால் அடிப்படை விலை ஒரு லட்சத்து ஏழாயிரத்தைத் தாண்டக் கூடாது. 2014-இல் 'நிர்பீக்' ரிவால்வர் வந்தபோதே அதன் விலை சுமார் 1,22,000. வெறும் 500 கிராம்தான், தூக்க இலகு. ஆனால் இன்றைய விலையைக் கேட்காமல் உங்கள் கணக்கில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வரின் உருளை பக்கவாட்டில் திறக்கும், நல்ல முன்னேற்றம்தான், அதையும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 250 கிராம் 'நிடர்' மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது .22. உங்கள் உரிமம் .32-க்கு.

இலக்கு தம்பி சொன்ன வெளிநாட்டுத் துப்பாக்கி பற்றி: தனிநபர் இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. அதற்கு முன்பு வந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் வேறு நாட்டில் சாதாரண விலைக்குப் போகும் பழைய வால்தருக்கு இங்கே பல லட்சம் கேட்கிறார்கள். அந்தப் பணம் அபூர்வத்துக்குத் தருவது, துப்பாக்கிக்கு அல்ல. உள்ளே ஒரு ஸ்பிரிங் போனால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று: இரண்டுமே .32 என்றாலும் தோட்டா ஒன்றல்ல. ரிவால்வரின் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு உள்ளது, 1896-இலிருந்து இருக்கும் அமைப்பு. பிஸ்டலின் தோட்டா ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது, குட்டையானது. ஒன்றை மற்றொன்றில் போடக் கூடாது. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடையில் எது தடையில்லாமல் கிடைக்கிறது என்று விசாரித்த பிறகுதான் எது வாங்குவது என்ற பேச்சே வர வேண்டும்.

மருத்துவர்:

எதுவுமே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். வழிமறிப்பவன் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. கார்க் கண்ணாடி உடையும்போது இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, யார் என்று பார்த்து, சுடும் அவகாசம் யாருக்குக் கிடைக்கும்? அது அவன் கைக்குப் போகும் வாய்ப்பே அதிகம்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து இன்னும் பெரிது. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திராத ஆண்களைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடம் அது முப்பது மடங்குக்கும் மேல். கடன், தேர்வுத் தோல்வி, குடும்பச் சண்டை எல்லாம் நம் வீடுகளிலும் உண்டு. ஒரு மணி நேரம் கடந்தால் தணிந்துவிடும் மனநிலையில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் திரும்பி வர வழியில்லை. வணிகர் ஐயா, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற சுபேதார்:

டாக்டர் அம்மா, நீங்கள் சொல்லும் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எதுவுமே வேண்டாம்' என்பது நகரத்தில் இருப்பவர் சொல்லக்கூடிய பதில். போலீஸ் வண்டி வந்துசேர அரை மணி ஆகும் ஊரில் இருப்பவரிடம் வெறுங்கையோடு போங்கள் என்று எப்படிச் சொல்வது? தற்காப்பு உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதற்குத்தான். விசாரித்துத்தான் உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் எனக்கு அக்கறை. ஒன்றரை லட்சத்தையும் துப்பாக்கியிலேயே போட்டுவிட்டுப் பத்துத் தோட்டாவோடு அலமாரியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்ப்பதில்லை. எண்ணெய் காய்ந்து, தோட்டாவில் பச்சை பூத்துக் கிடக்கும். துப்பாக்கியை மலிவாக வாங்குங்கள். மிச்சத்தில் சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டி, கிளப் உறுப்பினர் கட்டணம், பயிற்சிக்குத் தோட்டா.

இலக்கு:

பயிற்சி விஷயத்தில் சுபேதார் ஐயாவோடு முழுவதும் உடன்படுகிறேன். அப்படிப் பயிற்சி எடுக்கப் போகிறார் என்றால், பிஸ்டலைக் கையாளத் தெரியாது என்ற உங்கள் முதல் வாதம் நிற்கவில்லையே?

ஓய்வுபெற்ற சுபேதார்:

நிற்கும் தம்பி. நீங்கள் வாரம் தவறாமல் சுடுபவர். அவர் மாதம் ஒருமுறை போனாலே பெரிது. அவ்வளவு பயிற்சி ரிவால்வருக்குப் போதும், பிஸ்டலுக்குப் போதாது.

சேலத்து வணிகர்:

மருத்துவர் அம்மா கேட்டதற்கு: மனைவி, வயதான அப்பா, பிளஸ் டூ படிக்கும் மகன். கடைக்காரர் ஐயா, இரண்டாம் கைத் துப்பாக்கி எப்படி? சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் என்று ஒவ்வொரு முறையும் ஒப்படைக்க வேண்டுமா?

பழைய கடைக்காரர்:

இரண்டாம் கையில் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரே நல்ல விலைக்குக் கிடைக்கும். வயதானவர்கள், புதுப்பிக்க விரும்பாதவர்கள் விற்கிறார்கள். ஆனால் விற்பவர் ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். இன்றே தருகிறேன், காகிதம் பிறகு என்று சொல்பவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். வாங்குமுன் காலி என்று உறுதி செய்துகொண்டு சுத்தியலை முழுதும் பின்னுக்கு வைத்து உருளையை அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளம் கூராகத் தெரிய வேண்டும், துருக்குழி இருக்கக் கூடாது. மடங்கும் இடத்தில் பூட்டு தளர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். முடிவு வெளியானபின் திரும்பத் தருவார்கள். விலக்கு வேண்டுமானால் மாவட்ட ஆய்வுக் குழுவுக்கு மனுச் செய்யலாம். வங்கிக் காவலர்களுக்குக் கிடைக்கும். ஆனால் நகை வணிகருக்கும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மருத்துவர்:

அதைத்தான் கேட்கிறேன். அந்த வாரங்களில் எப்படிச் சமாளிப்பீர்களோ, அப்படியே ஆண்டு முழுதும் சமாளிக்க முடியாதா? கடையிலேயே கான்கிரீட்டில் பதித்த பெட்டகம், சரக்குக்குக் காப்பீடு, ரொக்கத்தை அன்றன்றே வங்கியில் கட்டுவது. காரில் நகையே இல்லை என்று ஊருக்குத் தெரிந்தால் யார் மறிக்கப் போகிறார்கள்? பிளஸ் டூ பையன் இருக்கும் வீடு, ஐயா.

சேலத்து வணிகர்:

பெட்டகத்துக்கு நாளையே ஆள் வரச் சொல்கிறேன். நகையை வீட்டுக்கு எடுத்துப்போவதை நிறுத்துவது சரி என்றே படுகிறது. இருந்தாலும் காலையில் திறக்கும் நேரமும் இரவில் அடைக்கும் நேரமும் இருக்கிறதே. ரிவால்வர் வாங்குவேன், புதியது, மலிவானது. இரும்புப் பெட்டியும் கடையில்தான், வீட்டில் இல்லை. சாவி என்னிடம் மட்டும்.

மருத்துவர்:

வீட்டுக்குள் வராது என்றால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. பெட்டகம் போட்டுச் சில மாதம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய கடைக்காரர்:

பொறுப்பதானால் உரிமத்தில் வாங்குவதற்குக் குறித்த கெடுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் கெடு முடியுமுன்பே நீட்டிப்பு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.