பழைய மரக் கடைசல் இயந்திரம்: பாதுகாப்பு குறித்து உதவி தேவை

வணக்கம். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய இறக்குமதி மரக் கடைசல் இயந்திரமொன்றைக் கொழும்பில் என் வீட்டுப் பின்புறத்தில் பொருத்தியுள்ளேன். சென்ற வாரம் எதிர்த்திசையில் சுழலவிட்டு மணல்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மரத்தைப் பற்றிப் பிடிக்கும் ‘சக்’ (chuck) மரை கழன்று, கடைந்துகொண்டிருந்த பலாமரக் கிண்ணத்தோடு என் தோளை உரசிப் பறந்தது. 12 அங்குல விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1500 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 86 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்பதைப் பிறகுதான் கணக்கிட்டேன். வெறும் கண்ணாடியோடு நின்ற என் மடமையை என்னவென்பது!

அந்தச் ‘சக்’கை இயந்திரத்தின் சுழல்தண்டோடு பூட்டும் சிறு திருகாணி இதில் இல்லை. இது வடிவமைப்பின் குறையா, முன்னைய உரிமையாளர் தொலைத்ததா? பெயர்த்தகட்டில் மாதிரி எண்ணும் தொடரிலக்கமும் தெளிவாக உள்ளதால், இவ்வியந்திரத்தைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற அறிவித்திருந்தாரா என்பதை வெளிநாட்டுப் பட்டியல்களில் தேடிய அனுபவமுள்ளோர் வழிகாட்டுங்கள். முழு முகக்கவசம் இங்கு எங்கே கிடைக்கும் என்பதையும் அறியத் தாருங்கள்.