புதுப்பிப்பு: ஹேண்டில்பார் கழன்றுவிட்டது

அப்பாவின் பழைய கம்பி பிரேக் சைக்கிளில் ஹேண்டில்பார் தண்டு, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் துருவேறி மாட்டிக்கொண்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நேற்று ஒருவழியாகக் கழன்றது.

முதல் தப்பு என்னுடையது. மேலே இருக்கும் போல்ட்டை முழுசாகக் கழற்றி வைத்திருந்தேன். அதன் அடியில் இருக்கும் கூம்பு நட்டுதான் தண்டை விரித்துக் குழாயோடு இறுக்குகிறது. புளியரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தம்பி, அதத் திரும்ப மாட்டுடே" என்றார். மாட்டி, நாலு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலையில் மரக்கட்டை வைத்து ஒரே தட்டு. டொக்கென்று கூம்பு இறங்கியது.

தண்டு மட்டும் அசையவில்லை. சாரல் காலத்தில் இந்தப் பக்கம் எதுதான் துருப்பிடிக்காது? முன் பிரேக் கம்பியைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேலே ஃபோர்க்கின் அடி ஓட்டை வழியாகத் துரு நீக்கும் எண்ணெய் விட்டேன். மூன்று ராத்திரி இதே வேலை.

நேற்று சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருகினேன். முதலில் ஒரு நூலளவு. அப்புறம் விளிம்பில் காப்பிப்பொடி மாதிரி துரு எண்ணெயோடு பொங்கி வந்தது, கிறீச்சென்று சுற்றியது. போன வாரம் புலம்பியபோது குழாயைச் சூடுகாட்டச் சொன்னவர்கள் மன்னிக்கவும், பெயிண்ட் போய்விடும் என்று பயம்.

உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவி, தண்டு இரண்டரை அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கும்படி மாட்டிவிட்டேன். முன் பிரேக் கட்டை இன்னும் லேசாக உரசுகிறது.