'கொமர்ஷல்' மண்ணெண்ணெய்: வணிகமா, கடையா?

நண்பர்களுக்கு,

நாம் தமிழாக்கும் எரிபொருள் அட்டவணையின் தலைப்பில் வரும் 'கொமர்ஷல்' என்ற சொல்லுக்கு 'வணிக' என்று போட்டு, 'வணிக மண்ணெண்ணெய் உமிழ்வுக் கண்காணிப்பு' என்று தம்பி எழுதியிருந்தார். உமிழ்வை (எரியும்போது வெளிவரும் வாயுவை) விடுங்கள், எனக்கு இடிப்பது 'வணிக'.

நேற்றுப் பின்னேரம் கல்லடியில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவரிடம் வணிக மண்ணெண்ணெய் என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "விக்கிறதுக்கு வைச்சிருக்கிற எண்ணெய்" என்றார். அவரில் பிழையில்லை. வணிக வங்கி, வணிகப் பயிர் என்று கேட்டுப் பழகிய எவரும் அப்படித்தான் எடுப்பார்கள். அட்டவணையிலோ அந்தச் சொல் எண்ணெய் எங்கே எரிகிறது என்பதைச் சொல்ல வந்தது. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 உமிழ்வுக் கணக்கு வழிகாட்டியில் கடை, ஹோட்டல், அலுவலகம், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் 'கொமர்ஷல்/இன்ஸ்டிடியூஷனல்' என்று ஒரு பிரிவு. வீடு இன்னொன்று. விவசாயமும் மீன்பிடியும் மூன்றாவது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மாநிலவாரியாகப் போடும் கணக்கிலும் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் வேறாக இப்படியொரு நிரல் உண்டு.

ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நம்மூர்ப் படகுகள். வாழைச்சேனையில் அவுட்போட் எஞ்சின் பூட்டிய படகு பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பிடிக்கிற மீன் விற்பனைக்குத்தானே? 'வணிக' என்ற தலைப்பைக் கண்டதும் அந்த எண்ணெயையும் அதிலேயே எழுதிவிடுவோம். ஆனால் அது மீன்பிடி நிரலுக்குரியது. ஒரு லீற்றர் எரிந்தால் ஏறக்குறைய 2.5 கிலோ காபனீரொட்சைட்டு. 25 லீற்றர் கான் ஒன்று மாறி விழுந்தால் 60 கிலோவுக்கு மேல் பிழை.

அப்புறம் 'கண்காணிப்பு'. பெற்றோல் செட்டில் படகுக்காரர், கடைக்காரர், வீட்டுக்காரி மூவரும் ஒரே வரிசையில்தான் கானை வைக்கிறார்கள். 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது செட்டில் மூவருக்கும் ஒரே விலைதான். பில்லில் லீற்றரும் காசும் இருக்கும், எதற்கு என்பது இராது. விற்ற அளவை வைத்துப் பிறகு பங்கு பிரிக்கிறோம், அவ்வளவுதான். அதற்குக் கண்காணிப்பு என்பது பெரிய பேர். கமரா பூட்டியது மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை: 'வர்த்தகநிலைய மண்ணெண்ணெய்க் காபன் கணக்கு'. குறை சொல்லுங்கள்.

கல்லடியிலிருந்து

•

அண்ணா,

இரண்டு குறை. 'காபன் கணக்கு' என்று சுருக்கவே கூடாது. 12 கிராம் காபன் எரிந்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு. சில அறிக்கைகள் காபனாகவே எடை போடுகின்றன, சில வாயுவாக. பேரைச் சுருக்கினால் விடை மூன்றரை மடங்குக்கு மேல் மாறும். நானே ஒருமுறை அப்படி மாட்டுப்பட்டு, இரவு முழுக்கக் கூட்டிக் கழித்தேன்.

அடுத்தது, அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியை யார் வர்த்தக நிலையம் என்பார்கள்? 'வீட்டுப் பாவனை' என்று ஏற்கனவே எல்லாரும் சொல்கிறோம். அதற்குச் சோடியாக 'நிலையப் பாவனை' என்று வைத்தால் என்ன? கடையும் அடங்கும், பொலிஸ் நிலையமும் அடங்கும்.

உமிழ்வு என்ற சொல் இருக்கட்டும். அதற்குப் பதில் 'காலல்' என்றால் என் மாணவர்களுக்கு ஐதரசனின் காலல் திருசியம்தான் (ஒளி நிறமாலை) ஞாபகம் வரும். 'வெளியேற்றம்' என்றால் இந்தப் பக்கத்தில் ஆட்களை வெளியேற்றியதுதான் முதலில் நெஞ்சில் வரும். எனக்கு அந்தச் சொல் வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து

•

தம்பி,

44க்கு 12, ஒத்துக்கொள்கிறேன். வெளியேற்றம் பற்றியும் சரி.

'நிலையப் பாவனை' பிடித்திருக்கிறது. ஒரு பயம்: எரிபொருள் நிரப்பு நிலையமும் நிலையம்தானே, அங்கே பாவிப்பது என்று எடுத்துவிடுவார்களோ? இன்று காலை அதே கடைக்காரரிடம் "வீட்டுப் பாவனை எண்ணெய், நிலையப் பாவனை எண்ணெய்" என்று சேர்த்துச் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அப்ப என்ர கடை ரெண்டாவதா?" என்றார். 'நிலையப் பாவனை' என்று தனியாகச் சொன்னபோது அவருக்கும் பெற்றோல் செட்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே அட்டவணையில் இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

தலைப்பு: 'நிலையப் பாவனை மண்ணெண்ணெய்: காபனீரொட்சைட்டு உமிழ்வுக் கணக்கு'. அலகு மெற்றிக் தொன். படகு எண்ணெய்க்கு மூன்றாவது நிரல் கீறிவிட்டேன்.

கல்லடியிலிருந்து