மீட்டிங்கில் வாயே திறக்க முடியவில்லை, அடுத்த வாரம் ரிவ்யூ. அவசரம்

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்று மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, மீட்டிங்கில் நீ பேசுவதே இல்லை, இன்னும் கான்ஃபிடென்டாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ப்ரொபேஷன் ரிவ்யூ. எழுதச் சொன்னால் நன்றாக எழுதுவேன், ஆனால் மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. விசாவும் இந்த வேலையை நம்பித்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் தைரியமாகப் பேச ஏதாவது வழி இருக்கிறதா? கை நடுங்கிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

கடலோடி:
தம்பி, பயப்படாதீர்கள், நானும் இதைத் தாண்டி வந்தவன்தான். வந்த புதிதில் போன் அடித்தாலே வயிறு கலங்கும், நான் என்ன சொன்னாலும் "சாரி? சாரி?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள், மதியம் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்திருக்க நான் மட்டும் என் மேஜையிலேயே சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன், அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. முதலில் உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள். செய்தியைப் போட்டு ஒரு வரி கேட்டு, நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பாருங்கள். அப்புறம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கிளப்பில் சேருங்கள். 1924-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது, இன்று பல நாடுகளில் கிளப் இருக்கிறது. டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி வரும், தலைப்பை அந்த நிமிடத்தில்தான் கொடுப்பார்கள், ஓரிரு நிமிடம் பேசியாக வேண்டும். நாம் எத்தனை தடவை "ஆ", "அம்" போட்டோம் என்று எண்ணுவதற்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயம் தெளிந்தது அங்கேதான்.

மழைநாள்:
அண்ணா, கிளப் நல்லதுதான், ஆனால் அது மாதக்கணக்கில் ஆகிற வேலை. கேட்டவருக்கு இருப்பது ஒரு வாரம். உச்சரிப்பில் கை வைக்கவே வேண்டாம், பாதி மாறியும் பாதி மாறாமலும் பேசினால் இன்னும் புரியாமல் போகும். வேகத்தைக் குறைத்தால் போதும். பதற்றத்தில் நாம் தமிழ் வேகத்திலேயே இங்கிலீஷைக் கொட்டிவிடுகிறோம். இன்னொன்று, மீட்டிங் தொடங்கியதும் முதல் ஆளாக ஏதாவது சொல்லிவிடுங்கள், ஒரு வரியாக இருந்தாலும் சரி. தள்ளிப்போடப் போடத்தான் பயம் கூடும்.

நைட்ஷிப்ட்:
முதல் ஆளாகப் பேசுவதெல்லாம் எல்லா இடத்திலும் எடுபடாது. எங்கள் டீமில் பெரியவர் பேசி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மரியாதை தெரியாதவர் என்று பெயர் வாங்குவோம். எந்த நாடு என்றே தெரியாமல் எல்லோரும் மருந்து எழுதுகிறீர்கள். உண்மையைச் சொன்னால் எங்கே போனாலும் நன்றாகப் பேசுகிறவனுக்குத்தான் ப்ரொமோஷன். நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்ததை அடுத்த நாள் வேறொருவர் அழகாக ஸ்லைடில் காட்டிக் கைதட்டு வாங்கினார்.

கடலோடி:
அதைச் சொல்லுங்கள்! வார இறுதி மேட்சைப் பற்றி மேனேஜரோடு அரட்டை அடிக்கிறவர்தான் அங்கே "லீடர்ஷிப்". தலை குனிந்து வேலை பார்க்கிறவருக்கு "விசிபிலிட்டி இல்லை" என்று ஃபீட்பேக்.

செல்வி_அக்கா:
இந்தக் கோபம் நியாயமானதுதான், தனி இழை போடுங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இங்கே ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்கிறார். புதுவரவு, நான்கு விஷயம் சொல்லுங்கள். என்ன வேலை, எந்த மீட்டிங், மேனேஜர் சொன்ன வார்த்தை அப்படியே என்ன, எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா?

புதுவரவு:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங். தினமும் காலையில் 15 நிமிட ஸ்டாண்ட்-அப், அதாவது டீமில் ஒவ்வொருவரும் வேலை நிலவரம் சொல்லும் மீட்டிங், அதைத்தான் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. "உன் வேலை எங்கே நிற்கிறது என்று நானே வந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது" என்பதும் சேர்த்துச் சொன்னார். (கடலோடி அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.)

செல்வி_அக்கா:
பார்த்தீர்களா, அவர் உங்கள் இங்கிலீஷைக் குறை சொல்லவே இல்லையே. வேலையின் நிலவரம் தானாக அவருக்கு வந்து சேரவில்லை என்கிறார். அதை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

ஸ்டாண்ட்-அப்புக்கு முன்னால் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: முடிந்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, எங்கே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தே படியுங்கள், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. முடிவை முதலில் சொல்லுங்கள். "லாகின் டெஸ்டிங் முடிந்தது, இரண்டு பக் (பிழை) இருக்கிறது, ஒன்று ரிலீஸைத் தடுக்கும்" என்றால் போதும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நாம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்து முக்கியமானதைக் கடைசியில் வைப்போம், அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

திடீரென்று கேள்வி வந்தால் மௌனமாக வாக்கியம் கட்டாதீர்கள். "லெட் மீ திங்க் ஃபார் எ செகண்ட்" என்று சொல்லுங்கள், பேச்சு உங்களிடமே நிற்கும். பதில் தெரியாவிட்டால் "ஐ வில் செக் அண்ட் அப்டேட் யூ பை த்ரீ" என்று நேரத்தோடு சொல்லுங்கள், மூன்று மணிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் வேகமாகப் பேசுவது புரியவில்லையா, டீம்ஸ், ஜூம் இரண்டிலுமே பேச்சை எழுத்தாகக் காட்டும் லைவ் கேப்ஷன் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். தலையாட்டுவதோடு நிறுத்தாமல் "எஸ்" என்று வாயால் சொல்லுங்கள், நம் தலையாட்டல் பலருக்கு ஆமாவா இல்லையா என்றே தெரியாது.

எழுத்துதான் உங்கள் பலம் என்கிறீர்கள், அதைப் பயன்படுத்துங்கள். தினமும் சாயங்காலம் அவருக்கு நான்கே வரியில் நிலவரம் அனுப்புங்கள். ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஒரு மெயிலும் போடுங்கள்: "நேற்று சொன்னதற்கு நன்றி. ஸ்டாண்ட்-அப்பில் சுருக்கமாகவும், மாலையில் எழுத்திலும் நிலவரம் தரப்போகிறேன். ரிவ்யூவுக்கு முன் வேறு எதில் மாற்றம் எதிர்பார்க்கிறீர்கள்?" அவர் பதிலும் எழுத்தில் கிடைத்துவிடும்.

நைட்ஷிப்ட்:
அக்கா சொல்வது சரி. கூடவே வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள் தங்கச்சி, ப்ரொபேஷனை நீட்டிக்க இடம் இருக்கிறதா, நோட்டீஸ் எவ்வளவு என்று. வேலை போனால் விசாவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டுக் குடிவரவுத் துறை இணையதளத்திலேயே பாருங்கள், இங்கே யார் சொல்வதையும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்து.

புதுவரவு:
மெயில் எழுதிவிட்டேன். "ஐ ஆம் வெரி சாரி" என்று ஆரம்பித்திருக்கிறேன், சரியா?

செல்வி_அக்கா:
அந்த வரியை எடுத்துவிடுங்கள். "தேங்க் யூ ஃபார் தி ஃபீட்பேக்" போதும். மீதியை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். காலையில் ஸ்டாண்ட்-அப்புக்கு முன்னால் அனுப்பிவிடலாம்.