இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதுமா? வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி எட்டு வருஷம். மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன், அவர் சென்னையில். அடிதடி எதுவும் கிடையாது. ஆனால் இனி சேர்ந்து வாழ முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்று பேசிவிட்டோம்.

போன வாரம் அவருடைய சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒப்பந்த நகல் அனுப்பினார். நாலு பக்கம். வக்கீலும் அவர்கள் பார்த்தவர்தான். “உனக்குத் தனியா வக்கீல் எதுக்கும்மா? இவரே ரெண்டு பேருக்கும் பார்த்துப்பார், ஃபீஸும் நாங்களே கொடுத்துடுறோம்” என்றார். வெள்ளிக்கிழமை சென்னைக்கு வரச் சொல்கிறார்கள்.

மூன்றாம் பக்கத்தில் 7-ஆவது பத்தியை இருபது தடவையாவது படித்திருப்பேன். இரண்டாம் மனுதாரர் என்றால் நான்தான். “இரண்டாம் மனுதாரர் தனக்குரிய நகைகள், சீர்வரிசைப் பொருட்கள் அனைத்தையும் பெற்றுக்கொண்டார், தனக்கோ தன் மகளுக்கோ கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதுவும் கோரமாட்டார்.” என் 28 பவுனில் 19 பவுன் அவர் பெயரில் பேங்கில் அடகில் இருக்கிறது. ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட 2021-ல் வைத்தது. கேட்டால், “அது எழுத்துக்குத்தான், மீட்டதும் தந்துடுவோம்” என்கிறார்கள். ஃப்ளாட் கடன் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது.

நான் மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன், சம்பளம் 14,000. அப்பா இல்லை. கோர்ட் என்றாலே அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். தனி வக்கீல் வைத்தால் அவர்களுக்குக் கோபம் வந்து, சுமுகமாக முடிய வேண்டியது சண்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

வைகைக்காரி எழுதியது:

தங்கச்சி, வெள்ளிக்கிழமை போகாதே. உடம்பு சரியில்லை என்று சொல், லீவு கிடைக்கவில்லை என்று சொல், எதையாவது சொல். அந்தப் பேப்பரை உனக்காக ஒருத்தர் படிக்காமல் பேனாவைத் தொடாதே.

நானும் 2019-ல் மதுரையில் பரஸ்பர சம்மதத்தில்தான் பிரிந்தேன். எனக்கும் இதே பேச்சு, ஒரே வக்கீல், அவர்கள் செலவு. நல்லபடியாகத்தான் பேசினார். கோர்ட் வராந்தாவில் நின்று பேப்பரைப் புரட்டிக்கொண்டே, “பையனோட ஸ்கூல் ஃபீஸ் யார் சார் கட்டுறது?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி என் கணவர் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் கையெழுத்துப் போட்டேன், எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பணத்தைக் கூட விடு. என் பேப்பரில் “தந்தை தனக்கு வசதிப்படும்போது குழந்தையைப் பார்க்கலாம்” என்று ஒரு வரி இருந்தது. படிக்கும்போது நல்ல மனசாகத்தான் தெரிந்தது. அந்த வரியால் மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்கு இல்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்பார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வாசலில் பையனுக்குப் புதுச் சட்டை போட்டு நிற்கவைத்திருப்பேன். பன்னிரண்டு மணிக்கு “இன்னிக்கு முடியல” என்று மெசேஜ் வரும். சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், கோடை லீவில் எத்தனை நாள், தீபாவளி யாரிடம் என்று அன்றைக்கே எழுதியிருந்தால் என் பையன் அந்த வெயிலில் நின்றிருக்க மாட்டான். உன் நகலில் இது எப்படி எழுதியிருக்கிறது என்று பார்.

கோபப்படுவார்களா என்று கேட்டாய். ஒரு வாரம் கோபப்படுவார்கள். நீ கையெழுத்துப் போடுவது உன் ஆயுசுக்கும்.

பெஞ்ச் கிளார்க் (ஓய்வு) எழுதியது:

அம்மா, நீதிமன்றப் பணியில் 28 வருடம் இருந்தவன் நான். நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சம்பளம் 14,000 ஆனாலும் ஒரு லட்சம் ஆனாலும் உரிமை ஒன்றுதான். திருச்சி கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஆதாரும் கல்யாணப் பத்திரிகையும் அந்த ஒப்பந்த நகலும் எடுத்துப் போங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 15100-க்கு அழைக்கலாம்.

சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மனைவி குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம் என்று 2003-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். திருச்சியிலேயே குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது.

அவசரம் அவர்களுக்குத்தான். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் மனு போட்ட பிறகு சாதாரணமாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிபதி விலக்குத் தரலாம். ஆனால் ஜீவனாம்சம், குழந்தை, சொத்து எல்லாம் உண்மையாகவே பேசித் தீர்ந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 19 பவுன் பேங்க் அடகில் உட்கார்ந்திருக்கும்போது எது தீர்ந்தது? தீர்ப்பு ஆகும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு வழி உண்டு. அதை நம்பி இப்போது கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் இல்லை என்று நிரூபிக்கக் கூண்டில் நின்று தவித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

மகளுடைய ஜீவனாம்சம் மகளுடைய உரிமை. அதை நீங்கள் விட்டுக்கொடுத்து எழுத முடியாது. ஜீவனாம்சம் கேட்க வழி தந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது, உரிமை அப்படியேதான் இருக்கிறது. கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம். 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது கணவருடன் கூட்டுச் சொத்து ஆகாது.

கடன் பிரிவு எழுதியது:

பேங்கில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும், மேடம். நகையை யார் பெயரில் அடகு வைத்தார்களோ அவரிடம்தான் பேங்க் திருப்பித் தரும். அதனால் மனு தாக்கல் செய்வதற்கு முன்பே அவர் மீட்டு உங்கள் கையில் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் கடன் கணக்கு எண், எடை, மீட்டுத் தரும் தேதி மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அடகுச் சீட்டின் போட்டோ உங்களிடம் இருக்கிறதா?

வீட்டுக் கடன்: “இனி கணவரே கட்டுவார்” என்று நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொள்வது பேங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும், நோட்டீஸ் ஸ்ரீரங்கத்துக்கும் வரும். கடனிலிருந்து உங்கள் பெயரை எடுக்க பேங்க் சம்மதம் வேண்டும். அது நடக்கும்வரை ஃப்ளாட்டில் உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுவிடாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை போகவில்லை. புதன்கிழமை ஓனரிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டு கோர்ட் வளாகத்துக்குப் போனேன். ஒரு பெண் வக்கீலை ஒதுக்கிக் கொடுத்தார்கள், பைசா வாங்கவில்லை. அவர் 7-ஆவது பத்தியை இரண்டு தடவை படித்தார். “பெற்றுக்கொண்டார்” என்ற வார்த்தைக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, “எந்தத் தேதியில, எத்தனை பவுன் வாங்குனீங்க?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து இப்படி ஒரு கணக்கு யாரும் கேட்டதில்லை.

வைகைக்காரி அக்கா, என் நகலிலும் “வசதிப்படும்போது” என்றுதான் இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஐந்து என்று மாற்றி எழுதித் தருகிறேன் என்றார் வக்கீலம்மா.

நேற்று ராத்திரி என் கணவரே போன் செய்தார். கத்தவில்லை. வட்டி ஏறிவிட்டது, மீட்க இரண்டு மாதம் வேண்டும் என்றார். அதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள், வக்கீலம்மாவிடம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கை நடுங்கியது.

அடகுச் சீட்டின் போட்டோ பழைய போனில் கிடைத்தது. மீதி ஒன்பது பவுனும் மாமியார் பீரோவில்தான் இருக்கிறது, அதற்கும் பட்டியல் கேட்டிருக்கிறார் வக்கீல். கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கோர்ட் என்றாலே பதறுகிற அம்மா, ஆரம் நாலரை, நெக்லஸ் மூணு, ஜிமிக்கி ஒண்ணேகால் என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.