கலைச்சொல்: எலும்பு வளரும் பீங்கானுக்குச் ‘சாரம்’ பொருந்துமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து

வணக்கம். எலும்பு இழந்த இடத்தில் வைக்கும் துளையுள்ள பீங்கான் துண்டை நோயாளிகள் கையேட்டு வரைவில் ‘எலும்புச் சாரம்’ என்று எழுதியிருக்கிறோம். ஆங்கிலத்தில் இதை ‘ஸ்கேஃபோல்ட்’ என்பதால், கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை நினைத்துப் போட்டது. ‘எலும்புத் தாங்கி’ என்றும் ஒரு யோசனை வந்தது. எது சரி?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

வணக்கம் தங்கச்சி. இரண்டும் வேண்டாம். ‘எலும்புச் சாரம்’ என்றால் எலும்பைக் காய்ச்சி இறக்கிய சாறு என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் படிப்பார்கள். கட்டடச் சாரம் வெளியே நிற்கும், வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். இதை யாரும் பிரித்தெடுப்பதில்லை. எலும்பு இதன் துளைகளுக்குள்ளேயே வளர்கிறது.

‘தாங்கி’ இன்னும் மோசம், ஏனென்றால் அது பொய் நம்பிக்கை தரும். எலும்பின் உட்பகுதியில் துளைதுளையாக இருக்கும் பஞ்சு எலும்பின் அமுக்க வலிமை ஏறக்குறைய 2 முதல் 12 மெகாபாஸ்கல். செயற்கை நுரைப்பஞ்சை அச்சாக வைத்துச் செய்த ஹைட்ராக்சிஅபடைட் (எலும்புக் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்) துண்டு பல நேரம் அந்தக் கீழெல்லையைக்கூட எட்டாது. காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. பாலியூரிதேன் பஞ்சைப் பீங்கான் குழம்பில் தோய்த்து, பிழிந்து, உலர்த்தி, நிமிடத்துக்கு 1 டிகிரி செல்சியஸ் அளவில் மெல்லச் சூடேற்றி 600 டிகிரி வரை கொண்டுபோய்ப் பஞ்சை எரித்துவிடுகிறோம். அந்தப் புகை நச்சு, சூளைக்குப் புகை வெளியேற்றும் கருவி கட்டாயம் வேண்டும். பிறகு 1,200 முதல் 1,250 டிகிரியில் சுடுகிறோம். பஞ்சு இருந்த இடம் வெற்றாகிவிடுவதால் ஒவ்வொரு இழையும் உள்ளே குழலாக நிற்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பஞ்சு எரிந்து வரும் வாயு வெளியேற வழியின்றி இழையைப் பிளந்துவிடும். பாரத்தைச் சுமப்பது எலும்பைப் பிணைக்கும் உலோகத் தகடுதான், பீங்கான் அல்ல.

பிழிதல் குறைந்தால் வேறு கேடு. துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள வாயில்களைக் குழம்பு அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல துண்டுதான், ஆனால் நடுப்பகுதிக்குச் செல்களும் இரத்தமும் போகாது. துளை குறைந்தது 100 மைக்ரான் இருக்க வேண்டும். இரத்தக் குழாய் உள்ளே வளர 300க்கு மேல் இருப்பது நல்லது. ஆகவே சொல்லில் ‘தாங்குதல்’ அல்ல, ‘உள்ளே படர்தல்’ தெரிய வேண்டும். அவரைக்கொடி பந்தலில் படர்வதுபோலச் செல் இழைமேல் படர்கிறது. என் பரிந்துரை: படர்சட்டகம். ‘படர்கூடு’ என்றும் யோசித்தேன், ஆனால் எலும்போடு சேரும்போது எலும்புக்கூடு என்று காதில் விழும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அண்ணா, படர்சட்டகம் நன்றாகவே இருக்கிறது. ஒரு தடை மட்டும். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் (விட்வாட்டர்ஸ்ராண்ட்) பல்கலைக்கழகத்தில் எலும்பு ஆய்வாளர் ஊகோ ரிபமோண்டியின் குழு பவளத்திலிருந்து ஆக்கிய துளையுள்ள ஹைட்ராக்சிஅபடைட்டைச் சக்மா பபூன் குரங்குகளின் வயிற்றுத் தசைக்குள் வைத்தது. பக்கத்தில் எலும்பே கிடையாது, எலும்பு வளரத் தூண்டும் புரதமும் சேர்க்கவில்லை. ஆனாலும் குழிவுகளில் எலும்பு உருவானது. அப்படியானால் இது செல் வந்து படரக் காத்திருக்கும் சட்டகம் மட்டுமா? தானே தூண்டுகிறதே!

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

சரியான தடை, தம்பி. ஆனால் எல்லாப் படர்சட்டகமும் அப்படித் தூண்டுவதில்லை. குழிவின் வடிவமும் பரப்பின் தன்மையும் பார்த்தே அது நடக்கிறது. எனவே பெயர்ச்சொல் பொதுவாக இருக்கட்டும், குணத்தை அடைமொழி சொல்லட்டும்: பக்கத்து எலும்பை உள்ளே வரவிடுவது ‘எலும்பேற்கும் படர்சட்டகம்’, இல்லாத இடத்தில் எலும்பை ஆக்குவது ‘எலும்புதூண்டும் படர்சட்டகம்’.

கரைவதையும் அப்படியே சொல்லலாம். கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67 உள்ள ஹைட்ராக்சிஅபடைட் உடலில் மிக மெல்லக் கரையும், 1.5 உள்ள பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் விரைவாகக் கரையும். பின்னதை ஏறக்குறைய 1,125 டிகிரிக்குக் கீழேயே சுட வேண்டும். மீறினால் ஆல்பா என்ற வேறு படிக வடிவமாகிப் பருமன் கூடும், துண்டு விரியும், கரையும் வேகமும் மாறிப்போகும். இதற்குக் ‘கரையும் படர்சட்டகம்’ போதும்.

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து

நன்றி அண்ணா. கையேட்டில் முதல் முறை வரும்போது ‘எலும்பு உள்ளே வளர்வதற்கான துளைப் பீங்கான், அதாவது படர்சட்டகம்’ என்று விளக்கிவிட்டு, பிறகு சொல்லை மட்டும் போடுகிறோம். ‘காலை ஊன்றுவது எப்போது என்று மருத்துவர் சொல்லும்வரை இதை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள்’ என்ற வரியும் அடுத்தே வரும்.