காங்கேயத்துக்கு மரபணு சிப் தேவையா?

கொங்குக்காளை: நாட்டு மாடுகளுக்கென்று உருவாக்கிய ‘கௌ சிப்’ என்ற டிஎன்ஏ சோதனைச் சிப்பை 2024 அக்டோபரில் மகாராஷ்டிராவின் வாசிமில் பிரதமர் வெளியிட்டார். கன்றின் டிஎன்ஏவைப் பார்த்தே பிற்காலத்தில் எவ்வளவு கறக்கும் என்று கணிக்க இது உதவுமாம். காங்கேயம் மாட்டுக்கு இது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைக் கடித்து, பங்குனி வெயிலில் நாளெல்லாம் நின்று பழகிய இனம் அது. பாலை வைத்து மாட்டைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தால் நாலைந்து தலைமுறையில் அந்த உடம்பு இருக்காது.

கால்நடை மாணவி: அண்ணா, சிப் தானாக எதையும் பொறுக்கி எடுக்காது. எந்தக் குணத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று நாம்தான் முடிவு செய்கிறோம். நார்வேக்காரர்கள் 1970-களிலேயே பாலோடு சினைப்பிடிப்பு, மடிநோய் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள், அவர்களுடைய சிவப்பு மாடு இன்றும் அதற்குத்தான் பெயர் பெற்றது. வெயில் தாங்குவதையும் அப்படிச் சேர்க்கலாம்.

கொங்குக்காளை: சரி, அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்தைப் பாருங்கள். 1962-இல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஒரே காளையின் விந்து உலகமெங்கும் போனது. அதனுள் ஒரு கெட்ட மரபணுவும் இருந்தது, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் அது வந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். அப்படிக் கலைந்தவை சுமார் 5 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மதிப்பெண்ணில் முதலிடம் பிடித்த காளைக்கே எல்லோரும் ஓடினால் நடப்பது இதுதான்.

கால்நடை மாணவி: அந்த விந்து பரவியது சிப் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால்! கண்டுபிடித்துக் கொடுத்ததே சிப்தான். ஆயிரக்கணக்கான மாடுகளின் டிஎன்ஏவை அலசினார்கள், ஒரு துண்டு மட்டும் எந்த உயிருள்ள மாட்டிலும் இரட்டையாக வரவில்லை. கலைந்த கருவைக் கண்ணால் பார்க்காமலே 2011-இல் அதைப் பிடித்தார்கள். இப்போது காளையைச் சோதித்த பிறகே அதன் விந்தைச் சினை ஊசியாகப் போடுகிறார்கள்.

கொங்குக்காளை: அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2009-இல் அமெரிக்காவில் சிப் மதிப்பீடு அதிகாரப்பூர்வமாக வந்த பிறகு, மகள்கள் கறக்கும் வரை காத்திருக்காமல் இளங்காளையையே தேர்ந்தெடுக்கிறார்கள், தலைமுறை வேகமாக மாறுகிறது, அதே வேகத்தில் சொந்தத்துக்குள் கலப்பும் ஏறியது. பொலிகாளைகள் குறைந்துவிட்ட காங்கேயம் அதைத் தாங்குமா?

சினைஊசிக்காரர்: இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். ஹோல்ஸ்டீனில் போட்ட கணக்கு நம் மாட்டுக்குச் செல்லாது, நம் மாட்டிலேயே ஆயிரக்கணக்கில் பால், ஈத்து இடைவெளி (ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையிலான காலம்) எல்லாம் எழுதி வைத்திருந்தால்தான் சிப் சொல்வதை நம்பலாம். இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டில் அதை எழுதுவது யார்? என் பகுதியில் உடனடி உபயோகம் கலப்பினத்தில்தான். எந்த மாட்டில் எவ்வளவு ஜெர்சி ரத்தம் என்று யாருக்கும் தெரியாமல் மேலும் மேலும் ஜெர்சி ஊசியே போடுகிறோம், கோடையில் மூச்சிரைத்து நிற்கிறது, சினை பிடிப்பதில்லை. சிப் அந்த அளவை நேராகச் சொல்லிவிடும்.

கொங்குக்காளை: கலப்பினத்துக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. காங்கேயத்திலும் எந்தக் காளை எந்தப் பசுவுக்குச் சொந்தம் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். பாலை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம்.

கால்நடை மாணவி: இங்கேதான் நான் உடன்படவில்லை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, இரண்டு மூன்று லிட்டர் கறக்கிற பசுவை எத்தனை வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? ஒரு லிட்டர் கூடக் கறந்தால் விற்காமல் வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு லிட்டர் இந்த இனத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமலே வேண்டாம் என்கிறீர்கள்.